இரகசியப் பெட்டி: ஹக்கோனே தச்சரின் நுட்பமும் திருகோணமலை மரமும்

இடம்பெயர்ந்த எந்தக் குடும்பத்திடம் கேட்டாலும், வீட்டை விட்டு வெளிக்கிட்ட நேரத்தில் கையில் எடுத்த பொருட்களின் பட்டியல் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருக்கும். காணி உறுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், அடையாள அட்டைகள், பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், ஒன்றிரண்டு நகைகள். இவை ஒரு சொப்பிங் பைக்குள் போகும். இவற்றை வைத்திருந்த பெட்டகம் வீட்டோடு நின்றுவிடும். திரும்பி வந்து பார்த்தபோது பெட்டகமும் இல்லை, அது நின்ற வீட்டின் கதவு நிலையும் இல்லை என்பது மூதூர், சம்பூர், குச்சவெளிப் பக்கங்களில் பலரின் அனுபவம்.

அந்தப் பழைய பெட்டகங்களில் பலவற்றில் கள்ளறை இருந்தது. வெளியே பார்த்தால் வெறும் பலகை. ஒரு துண்டை நகர்த்தினால்தான் இழுப்பறை வெளிப்படும். வீட்டுக்காரருக்கும் செய்த ஓடாவியாருக்கும் மட்டுமே தெரிந்த இடம் அது. ‘கள்ளறை’ என்ற சொல் தமிழில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த கைகள்தான் குறைந்துவிட்டன.

இதே எண்ணத்தை ஒரு முழுத் தொழிலாக வளர்த்தவர்கள் ஜப்பானியர். பூட்டும் திறப்பும் இல்லாத, பலகைகளை ஓர் ஒழுங்கில் நகர்த்தினால் மட்டுமே திறக்கும் சிறு மரப்பெட்டிகள் அவர்களுடையவை. ‘ஹிமிட்சு-பாக்கோ’ என்பது அவற்றின் பெயர். பொருள் ‘இரகசியப் பெட்டி’ என்பதே. இந்தக் கட்டுரை அந்தப் பெட்டி எப்படி வந்தது, எப்படி இயங்குகிறது, குறைந்த செலவில் திருகோணமலையில் ஒருவர் அதைச் செய்ய முனைந்தால் எதை அறிந்திருக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

திருகோணமலைக்கும் ஜப்பானுக்குமான உறவு என்றவுடன் நமது மூத்தவர்களுக்கு நினைவு வருவது வேறொன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. எண்ணெய்க் குதங்களுள் ஒன்று எரிந்தது. அதே நாளில் ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்த நாடு தந்த வேறு ஒன்றையும் அறிந்துகொள்வதில் தவறில்லை.

வெந்நீரூற்றும் சோதனைச்சாவடியும்

ஹக்கோனே, ஜப்பானின் கனகாவா மாகாணத்தில் உள்ள மலைப்பகுதி. பழைய தலைநகர் கியோட்டோவையும் இன்றைய டோக்கியோவையும் இணைத்த டொக்காய்டோ பெருவழி அதனூடாகச் சென்றது. அந்த வழியில் 1619இல் ஒரு சோதனைச்சாவடி அமைக்கப்பட்டது. தலைநகரில் பணயம் போல வைக்கப்பட்டிருந்த பிரபுக்களின் குடும்பப் பெண்கள் வெளியே தப்பிப் போகக்கூடாது. இதைப் பார்ப்பதே அதன் முதன்மை வேலை. அனுமதிப் பத்திரம் இல்லாமல் கடக்க முடியாது. 1869இல்தான் அது மூடப்பட்டது. சாவடி வரிசையில் அடையாள அட்டையோடு நின்று பழகிய நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பெட்டிகள் சாவடியை ஏமாற்றவே பிறந்தன என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் சாவடியிலும் அதைச் சூழ்ந்த தங்குமிடங்களிலும் மனிதர்கள் காத்திருந்தார்கள். காத்திருப்பவர்கள் பொருள் வாங்கினார்கள்.

அதோடு ஹக்கோனே வெந்நீரூற்றுகளின் ஊர். குளிக்க வந்தவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சிறிய, எடை குறைந்த பொருளைத் தேடினார்கள். மலையில் மரவகைகள் நிறைய. 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் ஹத்தாஜுக்கு என்ற சிற்றூரைச் சேர்ந்த இஷிக்காவா ஜின்பெய் என்பவர் பல நிற மரத்துண்டுகளை ஒட்டிக் கோலம் போன்ற வடிவங்களை உண்டாக்கும் வேலையைத் தொடங்கினார். ‘யோசெகி’ என்பது அதன் பெயர். சாயம் எதுவும் இல்லை. மஞ்சள், வெள்ளை, கபிலம், சாம்பல் எல்லாம் மரத்தின் சொந்த நிறங்கள். இரகசியப் பெட்டியை இன்று நாம் காணும் வடிவத்துக்குக் கொண்டு வந்தவர் ஒக்காவா ரியூகொரோ என்ற தச்சர். காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. 1984இல் ஹக்கோனேயின் யோசெகி வேலையை ஜப்பானிய அரசு மரபுக் கைவினையாக அறிவித்தது. 1999இல் அக்கியோ கமெய் என்ற கலைஞரை முன்னின்றவராகக் கொண்டு ‘கரக்குரி’ படைப்பாளர் குழு உருவாகி, பழைய நீள்சதுர வடிவத்தை விட்டு வீடு, விலங்கு, கனி என்று புதிய வடிவங்களில் இரகசியப் பெட்டிகளைச் செய்து வருகிறது.

இந்தப் பெட்டி மலிவாக விற்க முடிந்ததன் காரணம் பலருக்குத் தெரியாது. கோல வேலையைப் பார்ப்பவர், ஒவ்வொரு பெட்டிக்கும் நூற்றுக்கணக்கான துண்டுகள் ஒட்டப்பட்டதாக நினைப்பார். உண்மையில் துண்டுகளை ஒட்டி ஒரு கனமான கட்டை ஒருமுறை செய்யப்படுகிறது. பிறகு அதன் முகத்தை அகன்ற சீவுளியால் கடதாசி போல, ஒரு மில்லிமீற்றரின் ஐந்திலொரு பங்கு தடிப்பில் சீவுவார்கள். ஒரு கட்டையிலிருந்து நூற்றுக்கணக்கான தாள்கள். ஒவ்வொரு தாளும் சாதாரணப் பெட்டியின் மேல் ஒட்டப்படும். தாள் செய்பவர் ஒருவர், பெட்டி செய்பவர் வேறொருவர். விலையுயர்ந்த வேலை ஒருமுறை மட்டும், மலிவான வேலை பலமுறை. இந்தக் கணக்கை விளங்கிக்கொண்டவர்தான் இந்தத் தொழிலில் நிலைக்க முடியும். முழுக்கட்டையைக் கடைந்து செய்யும் கிண்ணங்களும் உண்டு. அவை செல்வந்தருக்கானவை.

பெட்டிகளின் அளவை ‘சுன்’ என்ற பழைய அலகில் சொல்வார்கள். ஒரு சுன் ஏறத்தாழ 3 சென்றிமீற்றர். நான்கு சுன் பெட்டி உள்ளங்கையில் அடங்கும். கடினத்தை நகர்வுகளின் எண்ணிக்கையால் அளப்பார்கள். நான்கு நகர்வில் திறப்பது சிறுவருக்கு. பத்து, இருபத்தொன்று, எழுபத்திரண்டு என்று அது ஏறிக்கொண்டே போகும்.

நமது தீவில்

இலங்கையிலும் இரகசியப் பெட்டி செய்யப்படுகிறது. கண்டி, காலி போன்ற சுற்றுலா நகரங்களின் கைவினைக் கடைகளில் அதைக் காணலாம். வெளிநாட்டு இணையச் சந்தைகளிலும் ‘இலங்கைப் புதிர்ப்பெட்டி’ என்றே விற்கிறார்கள். இந்தப் பெட்டிகள் ஹக்கோனேப் பெட்டிகளிலிருந்து ஓரளவு வேறுபட்டவை. பலவற்றில் ஒரு சிறு சாவியும் சாவித்துவாரமும் மரத்துக்குள் ஒளிக்கப்பட்டிருக்கும். ஒரு பலகையை நகர்த்தினால் சாவி விழும், இன்னொன்றை நகர்த்தினால் துவாரம் தெரியும். மேற்பரப்பில் யானை, தாமரை, கண்டிய அலங்காரம் செதுக்கப்பட்டிருக்கும். வடக்கு கிழக்கின் அடையாளம் எதுவும் அவற்றில் இருப்பதில்லை. இருக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்பதும் நியாயமில்லை; அது நமது கைகளின் வேலை.

துறைமுகத்துக்கும் பெட்டித் தொழிலுக்கும் இந்தத் தீவில் பழைய தொடர்பு உண்டு. கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்பு 1880களில் முழுமையடையும் வரை நீராவிக் கப்பல்கள் தங்கிச் சென்ற துறை காலி. அக்கப்பல்களின் பயணிகளுக்காகக் காலி, மாத்தறைப் பகுதிக் கைவினைஞர்கள் கருங்காலி மரத்தில் முள்ளம்பன்றி முட்களைப் பதித்துப் பெட்டிகள் செய்தார்கள். இன்றும் ஐரோப்பிய ஏலங்களில் அவை வருகின்றன. கப்பல்கள் கொழும்புக்குத் திரும்பியதும் அந்தத் தொழிலின் வாங்குநர்களும் திரும்பிவிட்டார்கள். ஒரே வகை வாங்குநரை நம்பியிருப்பதன் விளைவுக்கு இது நல்ல உதாரணம். உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் 2019இலும், பெருந்தொற்று முடக்கத்தில் 2020இலும் நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைகள் வெறிச்சோடியபோது திருகோணமலை மக்களும் இதைக் கண்டார்கள்.

ஹக்கோனேயோடு ஒப்பிட்டால் திருகோணமலையிடம் என்ன இருக்கிறது? வெந்நீரூற்று இருக்கிறது. கன்னியாவின் ஏழு கிணறுகளுக்கு வராத சுற்றுலாப் பயணி குறைவு. அந்த மண்ணின் உரிமை பற்றிய போராட்டமும் வழக்கும் வாசகர்கள் அறிந்தவையே. கோணேசர் கோயில் இருக்கிறது. கோட்டை வாசலிலிருந்து மலைக்கு ஏறும் வழியெங்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றில் விற்கும் விளையாட்டுப் பொருட்களில் பெரும்பகுதி வெளியூரிலிருந்து வரும் பிளாஸ்ரிக். திருகோணமலையில் செய்தது என்று சொல்லி ஒரு பயணி எடுத்துச் செல்லக்கூடியவை மிகச் சில. மரமும் இருக்கிறது. ஊரின் பெயரையே கொண்ட மரம் அது.

சாவண்டலை

சிங்களத்தில் ஹல்மில்ல, தமிழில் சாவண்டலை. ஊருக்கு ஊர் உச்சரிப்பு சற்று மாறும். ஆங்கிலேய மர வணிகர்கள் இதற்கு இட்ட பெயர் ‘திருகோணமலை மரம்’. இந்தத் துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கப்பலேறியதால் வந்த பெயர் அது. அங்கே அலைகளைக் கடந்து கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடிய மசூலாப் படகுகளுக்கு இம்மரத்தைப் பயன்படுத்தினார்கள். இங்கே எண்ணெய்ப் பீப்பாய்கள் செய்தார்கள். நேரான இழை, வளைந்துகொடுக்கும் உறுதி, மென்சிவப்புக் கபில நிறம். படகுக்கும் பீப்பாய்க்கும் பொருந்திய குணம் பெட்டிக்கும் பொருந்தும். (திருகோணமலை என்ற பெயரில் பிரித்தானியரின் போர்க்கப்பல் ஒன்றும் உண்டு. 1817இல் பம்பாயில் கட்டப்பட்ட அது இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் காட்சிக்கு நிற்கிறது. ஆனால் அதன் உடல் தேக்கு.)

இதைப் படித்துவிட்டு யாரும் காட்டுக்குக் கோடரியோடு போக வேண்டாம். மரம் வெட்டவும் கொண்டுசெல்லவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். முதிரை, கருங்காலி, சாவண்டலை போன்றவற்றில் கட்டுப்பாடு கடுமை. மரக்காலையில் பற்றுச்சீட்டோடு வாங்குவதே வழி. இன்னும் நல்ல வழி பழைய மரம். உடைந்த கட்டில் சட்டம், கழற்றிய யன்னல், கைவிடப்பட்ட கதவு நிலை. முப்பது நாற்பது வருடம் கூரைக்கடியில் காய்ந்த மரம் புதுமரத்தைப் போலச் சுருங்காது, வளையாது. புதுமரத்தை எந்த உலையில் காயவைத்தாலும் அந்த நிதானம் வராது. போரில் சிதைந்த வீடுகளில் எஞ்சிய முதிரை நிலையொன்றை அடுப்புக்குப் பிளப்பதைவிட இந்த வேலைக்குக் கொடுப்பது மேல். மரத்தின் உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அந்த நிலை யாரோ ஒருவர் சேர்த்துக் கட்டிய வீட்டின் பகுதி.

ஓர் எச்சரிக்கை. சண்டை நடந்த இடங்களின் மரத்தில் எறிகணைச் சிதறலும் சன்னமும் புதைந்திருக்கக்கூடும். உலகப்போர் நடந்த ஐரோப்பியக் காடுகளின் மரங்களை வாங்க மர ஆலைகள் தயங்கியதும் இதனால்தான். சுழலும் வாள் உலோகத்தில் பட்டால் பல் உடைந்து முகத்துக்கே பறக்கும். மரத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஒரு வலிய காந்தத்தை மேலே ஓட்டிப் பார்ப்பது செலவில்லாத பாதுகாப்பு. செம்பும் ஈயமும் காந்தத்தில் அகப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதிரையைத் தொடர்ந்து அறுப்பவருக்கு அதன் தூள் பட்டுத் தோல் சிவந்து தடிப்பதும் உண்டு. முகத்தில் துணி, முழுக்கைச் சட்டை அவசியம்.

முதிரையும் சாவண்டலையும் கிடைக்காதவர்கள் மனம் தளரத் தேவையில்லை. மஹோக்கனி, தேக்குத் துண்டுகள், வேம்பு எல்லாம் ஏற்றவை. தளபாடக் கடைகளின் பின்புறத்தில் குவியும் வெட்டுத்துண்டுகளே ஒரு தொடக்கக்காரருக்குப் போதும். இறப்பர் மரமும் அல்பீசியாவும் மலிவு. ஆனால் போரக்ஸ் போன்ற மருந்து ஏற்றாத மரத்தை வண்டு துளைக்கும். நமது பெட்டியிலிருந்து மாவு கொட்டுகிறது என்று ஒரு வாங்குநர் சொன்னால் அதோடு பெயர் போய்விடும்.

நான்கு நகர்வுப் பெட்டி இயங்கும் விதம்

நகர்வுகள் அதிகமான பெட்டியும் அடிப்படையில் ஒரு விதியின் திரும்பச் செய்தல்தான். ஒரு பலகை நகர்ந்தால்தான் அடுத்தது நகர இடம் கிடைக்கும். கீழே விளக்கப்படுவது மிக எளிய அமைப்பு. நீளம் ஏழு அங்குலம், அகலம் நான்கு, உயரம் மூன்று என்று கொள்வோம். பலகை எல்லாம் அரையங்குலத் தடிப்பு. மொத்தமாக ஏறத்தாழ ஒரு சதுர அடிப் பலகை போதும்.

அடிப்பலகையும் இரண்டு நெடும்பக்கங்களும் அசையாதவை. இரு குறும்பக்கங்களிலும் இரட்டைச் சுவர் இருக்கும். உட்சுவர் அசையாது, அது மூடிக்குக் கீழேயே நின்றுவிடும். வெளிப்பலகை உட்சுவரைத் தழுவி மேலும் கீழும் மட்டும் அசையும். அதன் மேல்விளிம்பு மூடியின் மேல்முகத்தோடு சமமாக இருக்கும். இந்த வெளிப்பலகைகளில் ஒன்றை முன்பலகை என்றும் மற்றதைப் பின்பலகை என்றும் அழைப்போம்.

வெளிப்பலகை கழன்று விழாமல் இருக்க, உட்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு தவாளிப்பு வெட்ட வேண்டும். அதன் வாய் ஒடுக்கமாகவும் உட்புறம் அகலமாகவும் இருக்கட்டும். அதே வடிவில் சீவிய சிறு கட்டையை வெளிப்பலகையின் முதுகில் ஒட்டினால், அது தவாளிப்புக்குள் மேலும் கீழும் ஓடும், வெளியே வராது. தவாளிப்பின் அடி மூடியிருப்பதால் பலகை எவ்வளவு இறங்கும் என்பதை அதுவே தீர்மானிக்கும். முன்பலகை கால் அங்குலம் மட்டும் இறங்க வேண்டும். பின்பலகை அரையங்குலம் இறங்க வேண்டும். கட்டையை மேலிருந்து செலுத்திய பின் தவாளிப்பின் மேல்வாயை ஒரு துண்டால் அடைத்துவிடுங்கள்.

இனி மூடி. இதுதான் பெட்டியின் மூளை. கால் அங்குலப் பலகை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மூடியைச் செய்யுங்கள். ஆனால் கீழ்ப்பலகையைக் கால் அங்குலம் பின்பக்கம் தள்ளி ஒட்டுங்கள். அப்போது முன்பக்கத்தில் கீழ்ப்பலகை கால் அங்குலம் குறைவாக நிற்கும். பின்பக்கத்தில் அது ஒரு நாக்குப் போல வெளியே நீட்டும். அந்த நாக்கு நுழைய, பின்பலகையின் உள்முகத்தில் குறுக்கே ஒரு தவாளிப்பு வெட்டுங்கள். நாக்கு மயிரிழை குறைவாக இருப்பது நல்லது. கீழ்ப்பலகை அகலத்திலும் சற்றுக் கூடுதலாக இருந்து, நெடும்பக்கங்களின் உள்முகத் தவாளிப்புகளில் ஓடும். அதனால் மூடியை மேலே தூக்க முடியாது.

இப்போது திறந்து பார்ப்போம். மூடியை எந்தப் பக்கம் தள்ளினாலும் அசையாது. பின்பலகையை இறக்க முயன்றால் மூடியின் நாக்கு தடுக்கும். முன்பலகை மட்டும் கால் அங்குலம் இறங்கும். இது முதல் நகர்வு. இப்போது மூடியின் மேல்பாதிக்கு முன்னால் இடம் இருக்கிறது. மூடி கால் அங்குலம் முன்னே வரும், அதற்கு மேல் கீழ்ப்பாதி முன்பலகையில் முட்டிக்கொள்ளும். இது இரண்டாவது. மூடி முன்னே வந்ததால் நாக்கு பின்பலகையை விட்டு விலகிவிட்டது. பின்பலகை அரையங்குலம் இறங்கும், இது மூன்றாவது. இனி மூடி பின்பக்கமாக முழுவதும் வழுக்கி வெளியே வரும். நான்கு நகர்வு முடிந்தது. மூடுவது இதன் நேர் எதிர்வரிசை.

பலரும் தவறவிடும் ஒன்று: முன்பலகையை இறக்கிய பின் மூடியைப் பின்பக்கம் தள்ளுவதுதான் மனித இயல்பு. முன்னே இழுக்க யாருக்கும் தோன்றாது. புதிரின் சுவை அந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. நகர்வுகளைக் கூட்டுவதைவிட இப்படி ஓர் ஏமாற்றுத் திசையை வைப்பது மேல் என்பது எனது எண்ணம். எழுபத்திரண்டு நகர்வுப் பெட்டியைத் திறப்பது ஒரு கட்டத்தில் வெறும் எண்ணிக்கை வேலையாகிவிடும்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. தமிழ்நாட்டின் அந்த ஊரில் சாவி இருந்தும் வழி தெரியாதவர் திறக்க முடியாத பூட்டுகளைக் கையால் செய்து வந்தார்கள். 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கு இரும்பில் இருப்பது இங்கு மரத்தில்.

கச்சானும் மாரியும்

அளவு சரியாக வெட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி காலநிலையோடு செய்யும் வேலை. மரம் ஈரத்தைக் குடித்துப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் இழையின் நீளத்தில் அல்ல, அகலத்தில். கச்சான் காற்று வீசும் ஆடி மாதத்தில் இறுக்கமாகப் பொருத்திய பலகை, கார்த்திகை மழையில் அசைய மறுக்கும். மாரியில் பொருத்தியது கச்சானில் கலகலத்து, கவிழ்த்தாலே திறந்துகொள்ளும். ஆகவே பலகையைச் சீவியவுடன் ஒட்டக்கூடாது. மெல்லிய தடிப்புக்கு அறுத்து, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, நிழலில் சில வாரங்கள் விட வேண்டும். கடற்கரையோர வீடென்றால் உள்ளறையில் வையுங்கள். மூடியின் இரு பலகைகளிலும் இழை ஒரே திசையில் ஓட வேண்டும். குறுக்கே ஒட்டினால் ஒரு வருடத்தில் மூடி வளையும். அசையும் இடங்களில் எண்ணெய் பூச வேண்டாம், வார்னிஷ் பூசவே வேண்டாம். மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும்.

கருவிகள் என்று பார்த்தால் மெல்லிய பல் வாள், சீவுளி, இரண்டு அளவு உளி, மூலைமட்டம், இறுக்கிகள், சாண்ட் பேப்பர், மரப்பசை. மேசை வாள் ஒன்று இருந்தால் நேரம் பாதியாகும். அதைவிட முக்கியம் அச்சு. ஒவ்வொரு தவாளிப்பையும் அளந்து கோடிட்டு வெட்டுபவர் ஒரு பெட்டிக்கு இரண்டு நாள் எடுப்பார். தவாளிப்பின் இடத்தைக் காட்டும் மரச்சட்டம் ஒன்றைச் செய்து வைத்துக்கொண்டு பன்னிரண்டு பெட்டிக்கான முன்பலகைகளை ஒரே மூச்சில் வெட்டுபவர், பிறகு பின்பலகைகளை வெட்டுபவர், ஒரு பெட்டிக்கு எடுக்கும் நேரம் வெகுவாகக் குறையும். மரத்தின் செலவு சிறிது. விலையைத் தீர்மானிப்பது நேரம். ஹக்கோனேயின் தாள் கணக்கு இங்கே வேறு வடிவில் வருகிறது.

விற்பனை

போருக்குப் பின்னர் வாழ்வாதாரம் என்ற பெயரில் இந்த மாவட்டத்துக்கு வந்தவற்றை மக்கள் மறக்கவில்லை. கோழிக்குஞ்சு, தையல் இயந்திரம், ஆடு. பொருள் கொடுத்தவர்கள் சந்தையைக் கொடுக்கவில்லை. பிறகு நுண்கடன் வந்தது. அது எத்தனை குடும்பங்களை, குறிப்பாகப் பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களை, எங்கே கொண்டுபோய் விட்டது என்பதும் தெரியும். ஆகவே இந்தப் பெட்டியை இன்னொரு மீட்புத் திட்டமாகச் சொல்ல நான் வரவில்லை. ஏற்கெனவே தச்சுவேலை தெரிந்தவருக்குக் கதவு, யன்னல் வேலை குறைந்த நாட்களில் ஒரு துணை வருமானம், தொழில் பழகும் இளைஞருக்குத் துல்லியம் பழக ஒரு பயிற்சி. அவ்வளவில் தொடங்குவதே பாதுகாப்பு. கடன் எடுத்து இயந்திரம் வாங்கித் தொடங்கக் கூடாத தொழில் இது.

சுற்றுலாப் பருவம் இங்கே ஏறத்தாழ சித்திரை முடிவிலிருந்து புரட்டாதி வரை. மாரி மாதங்கள் செய்வதற்கு, கோடை விற்பதற்கு. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிந்துகொண்டால் கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் வழி உண்டு. அரசின் லக்சல நிலையங்களும் கைவினைப் பொருட்களை வாங்குகின்றன. கடைக்காரரிடம் கொடுக்கும்போது விற்றபின் காசு என்ற பேச்சுக்கு முதல் முறை மட்டும் இணங்கலாம்.

புலம்பெயர்ந்த உறவுகள் இன்னொரு சந்தை. அவர்களுக்கு யானை செதுக்கிய பெட்டியைவிடத் தங்கள் ஊரின் வீட்டு நிலையில் செய்த பெட்டி பெறுமதியானதாக இருக்கும். சம்பூரில் 2006இல் வெளியேறி, 2015இலும் 2016இலும் கட்டம் கட்டமாகத் திரும்பியவர்களின் உறவினர் எத்தனையோ நாடுகளில் இருக்கிறார்கள். அனுப்பும்போது நாட்டுக்கு நாடு விதி வேறு என்பதைக் கவனியுங்கள். அவுஸ்திரேலியா மரப்பொருட்களில் பட்டையோ பூச்சித் துளையோ இருந்தால் உள்ளே விடாது. அழிக்கவோ மருந்தேற்றவோ பணம் கேட்கும். கனடா, ஐரோப்பா போன்ற குளிர்நாட்டு வீடுகளில் குளிர்காலக் காற்று மிக வறண்டது. அங்கே போகும் பெட்டியை இங்குள்ளதைவிடச் சற்று இறுக்கமாகப் பொருத்தலாம்.

ஆவணங்களை இதில் வைக்கலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேண்டாம். இது கள்வரைத் தாமதப்படுத்தும், தடுக்காது. தீக்கும் தண்ணீருக்கும் ஒன்றும் செய்யாது. 2004 ஆழிப்பேரலையில் இரும்புப் பெட்டிகளே போயின. உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் பெற்று வேறொரு இடத்திலும் வைத்திருப்பதே பாதுகாப்பு. இந்தப் பெட்டியில் மோதிரம், பழைய படம், ஒரு கடிதம் போதும்.

விற்கும் ஒவ்வொரு பெட்டியோடும் திறக்கும் முறையைப் படத்தோடு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் அச்சிட்ட ஒரு தாளை மூடிய உறையில் கொடுங்கள். உறையைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். இந்தத் தொழிலில் புதிதாக இறங்குபவர்கள் செய்யும் வழக்கமான தவறு அதுதான். செய்த வகை ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டியை, ஒட்டாமல், பாகம் பாகமாகப் பட்டறையிலேயே வைத்திருங்கள். மூன்று வருடம் கழித்து ஒருவர் அசையாத பெட்டியோடு வரும்போது, உள்ளே எது இறுகியிருக்கும் என்று பார்க்க அதைவிட வேறு வழி இருக்காது.